பறக்கும் காருக்குப் பெயின்ட் அடித்தவன்

எங்கள் தெருவில் என் அண்ணனின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏரோப்ளேன் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். காலையில் அவன் வேலைக்குக் கிளம்பினால் சைக்கிள் கடைக்காரர் கடைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்: "என்ன ஏரோப்ளேன், எப்பப்பா மேல போகுது?" அண்ணன் நின்று பதில் சொல்வான்: "அடுத்த வருஷம், கண்டிப்பா." அவர் சிரித்தால் இவனும் சேர்ந்து சிரிப்பான். கேலி என்று புரியாமல் இல்லை. புரிந்தும் உறைக்காத தோல் அவனுக்கு. உறைத்ததெல்லாம் எனக்குத்தான்.

நான் டவுன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் கிளம்பியது, எது வழியில் படுத்துவிட்டது, எது இன்றைக்கு வரவே வராது என்று கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வது என் வேலை. அதைக் கேட்டு ஜனங்கள் திட்டினால் வாங்கிக்கொள்வதும் என் வேலை. எங்கள் பஸ் லேட்டாக வரும், ஆனால் வரும். மழையில் ஒழுகும், மேட்டில் இருமும், ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் வண்டி பளபளவென்று இருக்கும். ஓர் அடி நகர்ந்ததில்லை. அதற்குப் பேர் பறக்கும் கார்.

பறக்கும் கார் வரப்போகிறது என்று நான் பள்ளிக்கூடம் போகும்போதே சொன்னார்கள். வாரப் பத்திரிகையில் படம் போட்டிருந்தது. கோட்டு போட்ட ஒருவர் மொட்டை மாடியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் பறக்கிறார், மனைவி பால்கனியில் நின்று கையாட்டுகிறாள். அந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் படிக்கப் போனபோதும் அதே படத்தைத்தான் போட்டார்கள். கோட்டு மட்டும் மாறியிருந்தது.

அண்ணன் முதலில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். கை என்றால் அப்படி ஒரு கை. அவன் அடித்து முடித்த பஸ்ஸின் பக்கவாட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். டிரைவர்கள் உண்மையிலேயே சீவுவார்கள். அவனை ஃபோர்மேன் ஆக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் முதலாளி வந்து சேர்ந்தார். ஒரு லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி எதையோ கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே ஃபைபரில் செய்த முட்டை மாதிரி ஓர் உடம்பு, உள்ளே ஒரே ஒரு சீட்டு, வெளியே நாலு கை, கைக்கு இரண்டு விசிறி. சிவப்பு அடிக்கச் சொன்னார். அண்ணன் ஒரு வாரம் எடுத்து அடித்தான். முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பட்டறையில் எல்லார் முன்னாலும் அண்ணன் தோளில் கை போட்டுச் சொன்னார்: "இதுக்கு முகம் குடுத்தது நீ. இது முதல் தடவை மேல போறப்ப உள்ள உக்காரப் போறதும் நீதான். இது என் வாக்கு."

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பஸ் பட்டறையை விட்டான். ஃபோர்மேன் வேலையையும் விட்டான். எதற்கு இந்த ஆசை என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆகாயத்தில் என்ன இருக்கிறது, வாழ்நாளெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து பெயின்ட் அடித்தவனுக்கு? அவனுக்கே சொல்லத் தெரியாது. ஒரு தடவை மட்டும் சொன்னான்: "எல்லாரும் ஏதோ ஒண்ணுக்கு ஆசைப்படுறாங்கல்ல? நான் இதுக்கு ஆசைப்பட்டுட்டேன். விடேன்." விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அவனுக்கு ஒரு டீச்சரைப் பேசி முடித்தோம். நல்ல பெண், வாய் கொஞ்சம் நீளம், எனக்குப் பிடித்திருந்தது. அண்ணனுக்கும் பிடித்துத்தான் இருந்தது. "முதல்ல அது மேல போகட்டும், இறங்கி வந்ததும் தேதி வச்சுக்கலாம்" என்றான். அவள் இரண்டு வருஷம் பொறுத்தாள். பிறகு டிப்போவுக்கே வந்து என் கூண்டுக்கு வெளியே நின்று சொன்னாள்: "அத்தைக்கு மீசை முளைக்கட்டும், சித்தப்பான்னு கூப்பிடலாம்னு காத்துக்கிட்டிருக்க என்னால முடியாதுக்கா." நியாயம்தான். அவள் கல்யாணத்துக்கு அண்ணனும் வந்தான். நன்றாகச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவன் எங்களோடேயே தங்கிவிட்டான். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். மச்சான் மச்சான் என்று அவனுக்கு ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். என் மகளுக்கு மாமா என்றால் உயிர். அவள் மூன்று வயதில் "மாமா, பறக்குற கார்ல என்னை ஸ்கூல்ல விடுவியா?" என்று கேட்டாள். "கண்டிப்பா" என்றான். கல்லூரிக்கும் அவள் எங்கள் பஸ்ஸில்தான் போனாள்.

அந்தக் கம்பெனியில் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். டயர் கோடவுனுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். முன்பக்கம் ஏசி போட்ட அறை, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க மேகம் வரைந்த படம். பின்பக்கம் அண்ணனின் இடம்: நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, மூலையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது பாதி நாள் ஓடாது. வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வரும். அதற்கு முன்னால் புது மேனேஜர் ஒருவர் வருவார். அவர் வந்ததும் முதல் வேலையாக நிறத்தை மாற்றுவார். போன வருஷச் சிவப்பு இந்த வருஷம் வெள்ளி, அடுத்த வருஷம் பச்சை. முன்னால் ஒரு விளக்கு கூடும், பக்கத்தில் ஒரு கோடு கூடும், புதிதாக ஒரு பேர் வைப்பார்கள். முதலாளி மேடையில் ஏறி, இதோ புது மாடல் என்பார். அடுத்த வருஷம் உங்கள் வீட்டு மாடியில் நிற்கும் என்பார். ஜனங்கள் கை தட்டுவார்கள். உள்ளே இருந்தது அதே முட்டைதான். அடுத்த வருஷம் அந்த மேனேஜர் இருக்கமாட்டார். வேறொருவர் வந்து வேறொரு நிறம் சொல்வார். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்பார்கள். இவர்கள் கூரைக்குக் கீழேயே நின்று வைகுண்டத்துக்கு டிக்கெட் கொடுத்தார்கள்.

அத்தனை வருஷமும் மாறாமல் இருந்தவர்கள் இரண்டே பேர், முதலாளியும் அண்ணனும். ஒவ்வொரு தடவையும் அண்ணன் பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் லேசாகக் கீறி விடுவான். பள்ளம் மேட்டுக்குப் பட்டி வைப்பான். மேலே பிரைமர், அதற்கு மேலே கலர் மூன்று கோட்டு, கடைசியில் பளபளப்புக்கு லாக்கர். இரண்டு கோட்டே போதும் என்பார்கள். அவன் மூன்றுக்குக் குறைய அடித்ததில்லை. நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுப்பது பெயின்டருக்கு அவமானம், அடியில் இருப்பதுதான் மேலே இருப்பதைத் தாங்குகிறது என்பது அவன் பஸ் பட்டறையில் கற்ற பாடம். முடித்ததும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பான். "சத்தத்தைக் கேளு. கெட்டியா இருக்கா?" என்று என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறான். பஸ்ஸுக்கு அது பெருமை.

இருமல் எப்போது வந்தது என்று சரியாகத் தெரியாது. நாங்கள் கவனித்தபோது அது பழைய இருமலாகியிருந்தது. மாடிப்படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்குவான், யாராவது பார்த்தால் செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வான். நான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். "இனிமே இவர் பெயின்ட் அடிக்கக் கூடாது. இத்தனை நாள் அடிச்சதே அதிகம்." வெளியே வந்து அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "கம்பெனிக்குச் சொல்லிடாதே. சீக்காளின்னு தெரிஞ்சா சீட்டுல உக்கார விடமாட்டாங்க."

ஏனென்றால் அந்த வருஷம் விஷயம் வேறு. வெளியிலிருந்து ஒரு பெரிய கம்பெனி இதை வாங்க வந்திருந்தது. படம் காட்டி, விளக்குப் போட்டு ஏமாற்றினதெல்லாம் போதும், உள்ளே ஆள் உட்கார்ந்து மேலே போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக ஓர் இன்ஜினியரம்மாவை வேலைக்கு வைத்தார்கள். சின்ன வயசு, ஆனால் வேலை தெரிந்தவள். புது மோட்டார் போட்டாள், புது பேட்டரி போட்டாள். பாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சட்டத்தில் பாடிக்கும் ஆளுக்கும் ஈடாக மணல் மூட்டையை ஏற்றி, கீழே நின்று ரிமோட்டால் ஓட்டினாள். ஷெட்டுக்குப் பின்னால் அது ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கே தோன்றிவிட்டது: நிஜமாகவே பறந்துவிடுமோ?

முதலாளி வாக்கை மறக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். "முதல் ஆள் நம்ம பெயின்டர்தான்" என்று எல்லாரிடமும் சொன்னார், ஜனங்களுக்கும் பிடிக்கும் என்று நினைத்திருப்பார். அண்ணனுக்கு நீலத்தில் ஒரு ஜாக்கெட் தைத்தார்கள், ஹெல்மெட் கொடுத்தார்கள். எடை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. இன்ஜினியரம்மா சந்தோஷப்பட்டாளாம், லேசான ஆள் கிடைத்தார் என்று. அண்ணன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இருமாமல் இருக்கப் பழகினான். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வரும், வாயைத் திறக்கமாட்டான். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. ஆனாலும் ஒரு தடவை போய்விட்டு வரட்டும், அதற்குப் பிறகு இந்தச் சனியனுக்கு முழுக்குப் போடட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு நான் லீவு போட்டேன். மகளும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். மைதானத்து நடுவில் கார் நின்றது, அந்த வருஷத்து நீலத்தில். உள்ளே நீல ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக அண்ணன். மைக்கில் ஒருவர் "நமது முதல் பயணி" என்றார். விசிறிகள் சுற்ற ஆரம்பித்ததும் தூசி எழுந்து கண்ணில் விழுந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கார் தரையில் இல்லை. இரண்டு ஆள் உயரத்தில் அசையாமல் நின்றது.

"அம்மா, மாமா! மாமா!" என்று என் மகள் கத்தினாள். நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் அவனைக் கிறுக்கன் என்று சொன்ன வாயால் அப்போதே மன்னிப்புக் கேட்டேன், மனசுக்குள். சைக்கிள் கடைக்காரரை இழுத்து வந்து காட்ட வேண்டும் போலிருந்தது. அப்படியொரு பெருமை எனக்கு என் கல்யாணத்திலும் வந்ததில்லை.

அப்போது பின்னால் யாரோ இருமினார்கள்.

எனக்கு அந்த இருமல் தெரியும். திரும்பினால், வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடு அண்ணன் நிற்கிறான். மேலே பார்த்துக் கை தட்டிக்கொண்டிருக்கிறான்.

"நீ இங்க இருக்கே. அப்ப அங்க யாரு?" என்றேன்.

"பொம்மை" என்றான். "துணிக்கடைல ஜன்னல்ல நிக்க வைப்பாங்கள்ல, அது. நான்தான் ஜாக்கெட்டு மாட்டி விட்டேன். அவங்களுக்கு ஜிப்பு போடத் தெரியல."

நடந்ததை அவன் வீட்டில் வந்து சொன்னான். முந்தின நாள் ஒத்திகை. அண்ணன் ஜாக்கெட் போட்டு, பெல்ட் கட்டி, உள்ளே உட்கார்ந்துவிட்டான். விசிறி சுற்றியது, உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு பக்கம் மட்டும் ஒரு ஜாண் எழும்பி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. மறுபடி, மறுபடி. அதே கதை. மோட்டாரைப் பார்த்தார்கள், பேட்டரியைப் பார்த்தார்கள். பிறகு இன்ஜினியரம்மா பாடியைக் கழற்றித் தராசில் ஏற்றினாள். பாடியின் எடை என்று அவளிடம் சொல்லியிருந்தது, லாரியில் வந்து இறங்கிய நாளில் இருந்த எடை. புது மேனேஜருக்குப் பழைய மேனேஜர் சொன்னது, அவருக்கு அதற்கு முந்தியவர் சொன்னது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை தூக்கி வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பறக்காத வண்டிக்கு எடை எதற்கு?

அவள் பிளேடை எடுத்துக் கதவோரத்தில் கீறியிருக்கிறாள். நீலத்துக்கு அடியில் வெள்ளி, அதற்கடியில் பட்டி, அதற்கடியில் மஞ்சள் என்று போய்க்கொண்டே இருந்ததாம்.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"பதினாலும்மா" என்று அண்ணன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். "ஒவ்வொண்ணும் மூணு கோட்டு."

"பழசை எடுக்கவே இல்லையா?"

"எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தானே ஒட்டியிருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டியும் பிரைமரும் பெயின்ட்டுமாகக் கூடியிருந்தது, கிட்டத்தட்ட ஓர் ஆளின் எடை. அண்ணன் உட்காருவதற்கு முன்னாலேயே அதற்குள் இன்னொருத்தன் உட்கார்ந்திருந்த மாதிரி. ஒரு சீட்டு வண்டியில் இரண்டு பேர். மறுநாள் கண்காட்சி, சுரண்ட நேரமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் இறக்க முடியும். பெயின்ட்டை இறக்க முடியாது. அண்ணனை இறக்கினார்கள். ஆள் உட்கார்ந்து போவதைக் காட்ட வேண்டும் என்றுதானே வாங்குகிறவர்கள் கேட்டார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் மாதிரி இருந்தால் போதும் என்றார் முதலாளி. துணிக்கடைக்கு ஆள் ஓடியது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவன் சொந்தக் கையால், மூன்று மூன்று கோட்டாக வைத்துக்கொண்டான். ஆசையாக அடித்தான். ஆசை அவ்வளவு கனம் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கு முன்னால் மைதானத்திலேயே நான் முதலாளியை விடவில்லை. கோட்டைப் பிடித்து நிறுத்தினேன். "பதினாலு வருஷம் காத்துக்கிட்டிருந்தவனை இறக்கிட்டுப் பொம்மையை ஏத்தினீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொம்மை என்ற வார்த்தை அந்த இடத்தில் அவருக்கு ஆகாது. என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஓர் ஓரத்தில் நிறுத்தி, குழைந்து பேசினார். "ஏம்மா கோவப்படுறீங்க? வாக்கு வாக்குதான். அந்தப் பெயின்ட்டை எல்லாம் எடுத்துட்டா வண்டி லேசாயிடும். அடுத்த வருஷம் அவர்தான்."

அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டான். கெமிக்கல் போட்டால் ஃபைபர் கரைந்துவிடும், உப்புத்தாளால் கையால்தான் தேய்க்க வேண்டும். புது பாடி செய்யலாம் என்று இன்ஜினியரம்மா சொல்லிப் பார்த்தாள். அச்சு எப்போதோ உடைந்துபோயிருந்தது, முதலாளிக்கும் பொறுமை இல்லை. வேறு ஆளை வைத்துச் சுரண்டுங்கள் என்றும் சொன்னாள். அண்ணன் ஒருத்தரையும் தொட விடவில்லை. தெரியாதவன் தேய்த்தால் ஃபைபரில் ஓட்டை விழும் என்றான். அவள் தன் கைக்காசில் நல்ல முகமூடி வாங்கித் தந்தாள். அதைப் போட்டால் அவனுக்கு மூச்சு விட முடியவில்லை, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.

வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் தூளாக இருக்கும். "உனக்கென்ன பைத்தியமா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கத்தினேன்.

"பெயின்ட் அடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. எடுக்கக் கூடாதுன்னு சொல்லல."

"செத்துத் தொலைவே."

"தொலைவேன். ஒரு தடவை போயிட்டு வந்து தொலையறேன்."

என் வீட்டுக்காரர்கூட அன்றைக்கு வாயைத் திறந்தார். "மச்சான், விட்டுடுங்க மச்சான். டிக்கெட் எடுத்து நிஜ ஏரோப்ளேன்லயே போயிட்டு வருவோம், நான் கூட்டிட்டுப் போறேன்."

"அது வேற மாப்பிள்ளை. அதுல ஏற யாரும் எனக்கு வாக்குக் குடுக்கல" என்றான் அண்ணன்.

எந்த நிறம்வரை போனான் என்று தினமும் சாப்பிடும்போது சொல்வான். வெள்ளி முடிந்தது, மஞ்சள் வந்துவிட்டது, நாளைக்குப் பச்சை. "பச்சை நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சப்ப" என்பான் என் மகளிடம். அவள் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுவாள். ஒவ்வொரு நிறத்தையும் முதல் தடவை அடித்தபோது மூச்சில் போனது ஒரு பங்கு, இப்போது தேய்க்கும்போது இன்னொரு பங்கு. தான் போட்டதையெல்லாம் அவன் தானே திரும்பக் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும். ஆட்டோவில் தூக்கிப் போட்டு வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாம். செய்யவில்லை, அவன்தான் சந்தோஷமாக இருந்தானே.

அடியில் இருந்த சிவப்பு தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். பாடியைத் தராசில் ஏற்றினார்கள். இன்ஜினியரம்மா என் டிப்போவுக்குப் போன் செய்து, "அக்கா, சரியா வந்துடுச்சு, இப்ப அவரைத் தாராளமா ஏத்தலாம்" என்றாள். பஸ் அறிவிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அந்த வாரக் கடைசியில் அண்ணன் ஷெட்டின் கை கழுவுமிடத்தில் விழுந்து கிடந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று என் வீட்டுக்காரரின் அண்ணி சொன்னாள். அவளை அடிக்கப் போனேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். மூக்கில் குழாய். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். இன்ஜினியரம்மா வந்து வராந்தாவில் நின்று அழுதாள். நான் முதல் நாளே எடை போட்டிருந்தால், முதல் நாளே போட்டிருந்தால் என்று அதையே சொன்னாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முதலாளி பழக்கூடை அனுப்பினார்.

ஒரு நாள் காலை நர்ஸ் அவனை நாற்காலித் தராசில் உட்கார வைத்து எடை பார்த்தாள். நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் கையசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டான். பிறகு குழாயைச் சற்று விலக்கி, "அன்னைக்கு இந்த எடை இருந்திருந்தா, பெயின்ட்டோடயே தூக்கியிருக்கும்" என்றான். நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. அந்த வருஷத்து மேனேஜர். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. மேலே ஒரே ஒரு கோட்டு வெள்ளை அடிக்க வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம். அதற்காகப் போன் செய்யவில்லை. "சீட்டு விஷயமா ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாரு முதலாளி. வாங்குற கம்பெனிக்காரரோட மகள் உக்காந்து போகணும்னு ஆசைப்படுறாங்க. பெயின்டர் சார் வர முடியாத நிலைமைல இருக்கிறதால..."

"எங்கண்ணன் ஆசைப்பட்டு இத்தனை வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு ஆசைப்பட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டேன்.

"யாரு?" என்றான் அண்ணன்.

பொய் சொல்லியிருக்கலாம். பதினான்கு வருஷம் அவனிடம் எல்லாரும் பொய்தான் சொன்னார்கள், இன்னொன்று சேர்ந்தால் என்ன ஆகிவிடும்? என்னால் முடியவில்லை. "உன் சீட்டை வேற ஒருத்திக்குக் குடுக்கப் போறாங்க" என்றேன். "வாங்குறவனோட மகளாம்."

ஜன்னல் பக்கம் திரும்பினான். மூன்றாவது மாடி என்பதால் வெளியே வேறு ஒன்றும் தெரியவில்லை, எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். அழட்டும் என்று இருந்தேன். திட்டட்டும், ஒரு தடவையாவது அந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு எடை எவ்வளவாம்?" என்றான்.

அன்றைக்கு எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அண்ணன் மேல் வந்த கோபம்தான் பெரிது. நாற்பத்தொரு கிலோவில் கிடப்பவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. எனக்கு அவன்தான் வேண்டும், அவனுக்கு அந்த முட்டை மேலே போனால் போதும். தானில்லாமல் போனாலும் போதும். இதைத்தான் நான் இத்தனை வருஷம் புரிந்துகொள்ளவில்லை.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"கேளு. மோட்டார் பாவம்."

வராந்தாவுக்குப் போனேன். பிறகு நானே அந்த மேனேஜருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் யாரிடமோ விசாரித்துவிட்டுச் சொன்னார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஐம்பத்திரண்டு" என்றேன்.

அண்ணன் கண்ணை மூடி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான்.

"அப்ப தூக்கிடும்" என்றான்.